மேற்கு மலை பஸ் ரூட்: பாலக்காட்டிலிருந்து குமுளி வரை

என் மகளும் அவளோடு யுனிவர்சிட்டியில் படிக்கும் மூன்று பேரும் இந்தியாவில் ஒரு ரோடு ட்ரிப் போக வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்கள். மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் திட்டம் கேட்டார்கள். பத்து நாள், மாணவர் கையில் இருக்கிற காசு, கேரளா-தமிழ்நாடு எல்லை மலைகள். இதுதான் ஆர்டர். எனக்குச் சொந்த ஊர் போடி பக்கம் என்பதால் வேறு யாரைக் கேட்பார்கள்?

நானோ பி.காம். படித்துவிட்டு வங்கியில் காலம் தள்ளுகிறவன். சுற்றுலா என்றாலும் முதலில் எக்செல் ஷீட்தான் திறப்பேன். ஊர், தூரம், பஸ், தங்கும் இடம் என்று நிரப்பிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு கட்டம் சும்மா சேர்த்து வைத்தேன்: "இந்த ரோட்டை யார் போட்டது, எதற்காக?"

அந்தக் கட்டத்தை நிரப்பி முடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பாலக்காட்டில் ஆரம்பித்து குமுளியில் முடிகிற இந்தப் பாதையில் பெரும்பாலான வழிகள் மனுஷன் போய் வருவதற்காகப் போட்டவை இல்லை. படை, தேக்கு, தேயிலை, ஏலக்காய், தண்ணீர் என்று ஏதோ ஒன்றைக் கீழே இறக்க வழி தேவைப்பட்டது. மனுஷன் அந்தச் சரக்கோடு ஒட்டிக்கொண்டு போனவன்தான். அவனுக்கென்று வழி கடைசியாகத்தான் வந்தது. சில இடங்களில் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

பிள்ளைகளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லி வைக்கிறேன். போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் தேதி, பிறகு வண்டி

இங்கே ஜூன், ஜூலையில் ஒரு விடுமுறை வரும். அப்போது டிக்கெட் போடலாமா என்றாள் மகள். கூடவே கூடாது. அது தென்மேற்குப் பருவமழை நேரம். 1924 ஜூலையில் இந்த மலைகளில் கொட்டிய மழையை மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றி ஒன்பதின் வெள்ளம்' என்பார்கள் (கொல்லம் ஆண்டு 1099). 2018 ஆகஸ்ட் வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 ஆகஸ்ட்டில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

நவம்பர் நடு முதல் ஜனவரி நடு வரை சபரிமலை சீசன். கம்பம், குமுளி ரோடு ஐயப்ப பக்தர்கள் வண்டிகளால் நிரம்பிவிடும். பிப்ரவரி வந்தால் வரையாடு குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள். ஆக, ஜனவரி கடைசி வாரம். குளிரும், ஆனால் ரோடு காய்ந்திருக்கும்.

அடுத்தது வண்டி. வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டுவதாக இருந்தால் வெளிநாட்டு லைசன்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இந்தியாவில் தானே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை யாராவது வாடகைக்குக் கொடுத்தால் அது சட்டப்படி செல்லாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். இதெல்லாம் எதற்கு? கொண்டை ஊசி வளைவில் புதுசாக ஓட்டுகிறவர்களுக்கு பஸ்தான் லாபம், பஸ்தான் பாதுகாப்பு. இரண்டு அரசு பஸ்களும் ஓடாத ரூட் இதில் ரொம்பக் குறைவு.

பாலக்காடு: படையும் ரயிலும்

மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு திறப்பு. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கணவாய் என்றதும் செங்குத்துப் பாறையை எதிர்பார்க்காதீர்கள். வயலும் பனைமரமுமாகச் சமவெளிதான். அதனால்தான் எல்லோரும் இந்த வழியாகவே வந்தார்கள். இன்றைக்கு நிற்கும் பாலக்காட்டுக் கோட்டை 1766ல் ஹைதர் அலி கட்டியது. மைசூருக்கும் மலபாருக்கும் நடுவே படை போகும் வாசலைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் அந்தக் கோட்டை. பிறகு ஆங்கிலேயரும் மைசூர்க்காரர்களும் அதை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். 1862ல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை பேப்பூர் வரை ரயில் ஓடத் தொடங்கியதும் இதே கணவாய் வழியாகத்தான்.

1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் பிறகு வாளையார் மாநில எல்லை ஆனது. லாரிக்காரர்களைக் கேட்டால் வாளையார் செக்போஸ்ட் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். வணிக வரிச் சோதனைக்காக வண்டிகள் மைல் கணக்கில் நின்ற இடம். 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிச் சோதனைச் சாவடி வேலை முடிந்தது. சரக்குக்கு எல்லை அழிந்துவிட்டது. மூன்றே வருடத்தில், 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் பாஸ் இல்லை என்று ஊர் திரும்பிய ஜனங்கள் அதே வாளையாரில் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். லாரிக்குத் திறந்த கதவு ஆளுக்கு மூடியது.

செலவு குறைவாகச் சாப்பிட இங்கே ராமசேரி இட்லி இருக்கிறது. மண்பானை வாயில் துணி கட்டி, அதன் மேல் மாவு ஊற்றி வேகவைப்பது. தட்டையாக, ஒரு நாள் வைத்திருந்தாலும் கெடாது. செய்கிறவர்கள் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து இந்த வழியாக வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள். கணவாய் வழியாக வந்தது படை மட்டும் இல்லை!

பரம்பிக்குளம்: தேக்கும் தண்ணீரும்

மேப்பைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்பிய இடம் இது. பரம்பிக்குளம் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில், முதலமடை பஞ்சாயத்தில். ஆனால் பாலக்காட்டிலிருந்து அங்கே போகும் பஸ் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக மலையேறி மறுபடி கேரளத்துக்குள் போகும். சொந்த மாவட்டத்துக்குப் போக அடுத்த மாநிலம் வழியாகச் சுற்ற வேண்டும்.

காரணம் மரமும் தண்ணீரும். டாப்சிலிப் என்ற பெயரே, வெட்டிய தேக்கை மலை உச்சியிலிருந்து சறுக்கி விட்ட இடம் என்பதால் வந்தது. பம்பாய் கப்பல் கட்டும் துறைக்கும் ரயில் பாதைக்கும் இங்கிருந்து மரம் போனது. மொட்டையான மலையில் மறுபடி தேக்கு வளர்த்தவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் குத்திக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று சொல்வார்கள். 1933ல் இறந்தவர், அந்த மரங்களுக்கு நடுவிலேயே அடக்கமாகியிருக்கிறார். மேற்குப் பக்கத்தில் கொச்சி ராஜ்ஜியம் சும்மா இருக்கவில்லை. பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 80 கிலோமீட்டருக்குக் காட்டுக்குள் ட்ராம் பாதை போட்டது. 1963ல் அதை மூடினார்கள். அந்தப் பாதை இருந்திருந்தால் கேரளப் பக்கமிருந்தே ஒரு வழி இருந்திருக்கும். மரம் தீர்ந்தது, வழியும் போனது.

அடுத்து அணைகள். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருக்கின்றன; பராமரிப்பது தமிழ்நாடு. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970ல், ஆனால் 1958லிருந்தே அமலுக்கு வந்ததாகக் கணக்கு. (பின்தேதியிட்டு ஒப்பந்தம் போடுவது வங்கியில் நடக்காத காரியம், அரசாங்கத்துக்கு நடக்கும்!) தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே வருகிறது, ரோடும் கிழக்கே இறங்குகிறது.

நடுவில் வாழ்கிற பழங்குடி மக்கள்? பஞ்சாயத்து ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தமிழ்நாடு சுற்றித்தான் போக வேண்டும். 2020ல் கொரோனாவால் எல்லை மூடியபோது அதுவும் நின்றது. அந்த வருடம் அவர்களே மண்வெட்டி எடுத்து, தேக்கடி குடியிருப்பிலிருந்து செம்மணாம்பதிக்குத் தங்கள் கையால் வழி வெட்ட ஆரம்பித்தார்கள். (இந்தத் தேக்கடி வேறு, குமுளித் தேக்கடி வேறு.) நூறு வருடம் மரத்துக்கு வழி போட்ட காட்டில் மனுஷனுக்கு வழி போட மனுஷனே இறங்க வேண்டியிருந்தது.

பயணிகளுக்குக் குறிப்பு: பஸ் ஒரு நாளைக்குச் சிலதான். புலிகள் காப்பகம் என்பதால் அனுமதி, தங்கும் இடம் எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கன்னிமாரா தேக்கைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். நாலைந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும்.

மறையூர் வழியாக மூணாறு

பொள்ளாச்சிக்கு இறங்கி உடுமலைப்பேட்டை போய் மூணாறு பஸ் பிடிக்க வேண்டும். இந்த ட்ரிப்பிலேயே அழகான பஸ் பயணம் இதுதான். காசு கொடுத்து ஜன்னல் சீட் வாங்க முடிந்தால் வாங்கலாம் :-) சின்னாறு மழை மறைவுப் பிரதேசம், கள்ளியும் முள்ளும்தான். ஒரு மணி நேரத்தில் மறையூர் சந்தனக் காடு, கரும்புத் தோட்டம், வெல்லம் காய்ச்சும் புகை. மறையூர் வெல்லத்துக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாறைகள் மேல் கற்பலகை வைத்துக் கட்டிய பழங்காலக் கல்லறைகளை 'முனியறை' என்கிறார்கள். இதற்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்குங்கள். இங்கே ஆள் நடந்து போய் வந்த வழி, கம்பெனி வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

டாப் ஸ்டேஷன்: தேயிலைப் பெட்டி வந்த பாதை

1877 ஜூலை 11ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். வருடக் குத்தகை 3000 ரூபாய். 1971ல் கேரள அரசு சட்டம் போட்டு மீட்க வந்தபோது அந்த நிலம் சுமார் 1,37,000 ஏக்கர். வகுத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ரூபாய்க்கு 192 பை. ஏக்கருக்கு வருடம் நாலு பைக்குச் சற்று மேல். இப்படி ஒரு குத்தகை எங்கள் மேஜைக்கு வந்தால் நாங்களே சந்தேகப்படுவோம்.

தேயிலை வளர்ந்தது. இறக்குவது எப்படி? 1902ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908ல் அது இரண்டடி அகல நீராவி ரயில் ஆனது. டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டி கீழே கொட்டகுடிப் பக்கம் இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் எங்கள் போடி. பிறகு கப்பலேறி இங்கிலாந்து. குண்டளை பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவில்லை. ஆலுவாயிலிருந்து வந்த பழைய ரோடும் அதே மழையில் போய், 1931ல் புது ரோடு திறந்த பிறகுதான் மூணாறு முழுசாகக் கொச்சிப் பக்கம் திரும்பியது. அதுவரை மூணாறின் முகம் போடியைப் பார்த்துத்தான் இருந்தது.

அந்த ரோப்வேயில் பெட்டி இறங்கியது, ஆள் ஏறவில்லை. ஆள் நடந்து ஏறினான். மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்த குடும்பங்கள். முன்பணம் என்பது கடன். கடனைக் கூலியில் கழிக்க வேண்டும். பற்று ஏட்டில் பெயர் ஏறிய நாளிலிருந்து அவர்கள் மலைக்காரர்கள். ஆனால் 1950களில் மாநில எல்லை பேச்சு வந்தபோது, தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர் அதிகம் என்று சொன்னதற்கு, அவர்கள் வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் இல்லை என்ற வாதம் வைக்கப்பட்டது. 1956ல் அந்தத் தாலுகாக்கள் கேரளத்துக்கே போயின. எந்த மாநிலம் என்பதைவிட, மூன்று தலைமுறை இருந்தவர்களைப் 'போகிறவர்கள்' என்று கணக்கெழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது.

அவர்களுடைய பேத்திகள் 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். 10 சதவீத போனஸ் போதாது, 20 வேண்டும் என்று கட்சிகளையும் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தேயிலை பறிக்கும் பெண்கள் தாங்களே நடத்திய போராட்டம். பொம்பிளை ஒருமை என்று பெயர். ஒன்பது நாள். 20 சதவீதம் கிடைத்தது. தேயிலைக்குப் போட்ட ரோட்டைத் தேயிலை பறித்தவர்கள் முதல் முறையாகத் தங்களுக்காக உபயோகித்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

ஐந்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு. ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகள் மேல் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். கயத்தாறுப் பக்கத்துக் குடும்பங்கள் பல. கரண்ட் இல்லை, போன் இல்லை; வெளியுலகத்துக்கு விஷயம் மறுநாள் காலைதான் தெரிந்தது. பெரியவரையில் 2018ல் உடைந்த பாலத்துக்குப் பதிலாக வைத்த தற்காலிகப் பாலமும் அதே மழையில் போயிருந்ததால் மீட்பு வண்டிகள் தாமதமாயின. நூறு வருடம் முன்பு தேயிலைக்கு ரயிலும் ரோப்வேயும் போட்ட மலையில், இரண்டு வருடமாக ஒரு நிரந்தரப் பாலம் முடியவில்லை. இரவிகுளத்துக்கு வரையாடு பார்க்கப் போகிறவர்கள் அந்த ரோட்டில்தான் போகிறார்கள். பெரியவரை தாண்டும்போது ஒரு நிமிஷம் நினையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

டாப் ஸ்டேஷன் போக மூணாறிலிருந்து பஸ் உண்டு. மேப்பில் கொடைக்கானல் பக்கத்திலேயே தெரியும், ஏமாற வேண்டாம். போர்க்காலத்தில் 'எஸ்கேப் ரோடு' என்று பெயர் வாங்கிய அந்தப் பழைய வழி 1990லிருந்து மூடியிருக்கிறது. குரங்கணிக்கு இறங்கும் காட்டுப் பாதையில் அனுமதி, வழிகாட்டி இல்லாமல் கால் வைக்கவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

போடிமெட்டு: ஏலக்காய்

மூணாறிலிருந்து தேனி பஸ்ஸில் பூப்பாறை, போடிமெட்டு வழியாக இறங்கினால் ஒரே மூச்சில் குளிரிலிருந்து வெயிலுக்கு வந்துவிடலாம். இது ஏலக்காய் ரோடு. விளைவது இடுக்கியில், ஆனால் பெரிய வியாபாரிகள் பலர் போடியில். இன்றைக்கும் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் கேரளத்தில் புற்றடியிலும் தமிழ்நாட்டில் போடியிலும் நடக்கிறது. விடியற்காலையில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி சாயங்காலம் இறங்குகிறார்கள். ஒரு மாநிலத்தில் வீடு, அடுத்த மாநிலத்தில் கூலி. ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள், மனசு கேட்காது.

போடி ரயில் 1928ல் வந்தது. அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நின்று, 2023 ஜூனில்தான் மறுபடி ஓடியது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல்! சென்னை திரும்ப அதில் டிக்கெட் போட்டால் செலவு மிச்சம்.

குமுளி: தண்ணீர்

போடியிலிருந்து கம்பம் போய், லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. தமிழ்நாட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி எல்லைக் கேட்டை நடந்து தாண்டிக் கேரள பஸ் ஏறலாம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நடை ரொம்பப் பிடிக்கும்.

இங்கே சரக்கு தண்ணீர். 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூர் மகாராஜா 8000 ஏக்கரை 999 வருடத்துக்குக் குத்தகை விட்டார். ஏக்கருக்கு 5 ரூபாய், வருடம் 40,000. பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895ல் திறந்தது. மேற்கே போன ஆறு சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. 1970ல் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. எங்கள் பக்கத்து வயலில் ஒவ்வொரு நெல்லும் அந்தத் தண்ணீர் குடித்தது. பென்னிகுயிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிற ஊர் எங்களுடையது. அணைக்குக் கீழே வாழ்கிற இடுக்கிக்காரர்களின் பயமும் பொய்யில்லை. 2011 டிசம்பரில் இரண்டும் மோதியபோது குமுளியில் பஸ் நின்றது, தோட்டத்துக்குப் போகும் ஜீப் நின்றது, தினக்கூலிக்காரி வீட்டில் உட்கார்ந்தாள். தண்ணீர் மட்டும் சுரங்கத்தில் நிற்கவில்லை.

கடைசியாக பட்ஜெட்

மொத்தப் பணத்தை நாலு பங்காகப் பிரியுங்கள். தங்க ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, பஸ், காட்டு அனுமதி, நுழைவுக் கட்டணத்துக்கு ஒன்று. நாலாவது பங்கைத் தொடவே கூடாது. மலையில் ரோடு அடைத்தால் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க அதுதான் கைகொடுக்கும். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் பதிய வேண்டும். அந்த வசதி இல்லாத சின்ன லாட்ஜ் இடம் தராது. எனவே முன்பே கேட்டுவிடுங்கள். பரம்பிக்குளம், டாப் ஸ்டேஷன் போகும்போது ரொக்கம் கையில் இருக்கட்டும்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள் என்றும் எழுதி அனுப்பினேன். "அக்கா, எங்கே வேலைக்குப் போறீங்க?" என்று என் மகள் கேட்டால் போதும், மற்றதை அவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தச் செலவுக்கு ஷீட்டில் நான் கட்டம் போடவில்லை.